ஆல்டோ ஜெயக்கொடி

கிரைண்டர் கல் சுற்ற ஆரம்பித்ததும் ஜெயக்கொடி தலையைச் சற்றுச் சாய்ப்பார். அரிசியும் தண்ணீரும் கல்லோடு மல்லுக்கட்டும் கரகரப்பு அடங்கி, மோட்டார் ஒரே சீராக முனகத் தொடங்கும்போது, அந்த முனகலோடு ‘ம்’ என்று ஒட்டிக்கொள்வார். ஒட்டியது சரியா என்று ஒரு கணம் காது கொடுப்பார். பிறகு அங்கிருந்து பாட்டு கிளம்பும். மாடம்பாக்கத்தில் அவருடைய மாவுக் கடைக்குத் தூக்குவாளியோடு வருகிறவர்கள் பாட்டு ஒரு சரணம் முடியும்வரை நின்றுதான் ஆக வேண்டும். கரண்டி அசையாது.

“பெரிய கிரைண்டரு நல்ல புள்ள. கரெக்டா சுதில நிக்கும். சின்னதுதான் பேஜாரு. மாவு கெட்டியாச்சுன்னா சுதி எறங்கிடும், நம்மளையும் சேத்து இழுத்துகினு போயிடும்” என்பார்.

குள்ளமான, உருண்டையான பெண்மணி. ஐம்பது வயது. மூக்குக் கண்ணாடியில் எப்போதும் அரிசி மாவின் வெள்ளைப் பொட்டுகள். கன்னத்தில் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். ஐஸ் தண்ணீர் என்று யாராவது சொன்னாலே தொண்டையைப் பிடித்துக்கொள்வார். பாடும்போது இடது கையால் இடது காதை மூடுவார். உள்ளே ஒலிப்பது சரியா, வெளியே ஒலிப்பது சரியா என்று ஒத்துப்பார்க்கிற பழக்கம். பக்கத்துத் தெரு கீதா அவரிடம் பத்து வருடமாக மாவு வாங்குகிறார். சிவராத்திரிக்கு விடிய விடிய ஊர்ச் சிவன் கோயிலில் இருப்பவர் அவர். அவருக்கே ஜெயக்கொடியின் பாட்டுகளில் நாலைந்து மனப்பாடம். “சாமி யாரா இருந்தா இன்னாக்கா, மெட்டு நல்லாக் கீதுல்ல” என்பார்.

இந்த ஜெயக்கொடியின் குரலில்தான் அந்த வட்டாரத்தின் கத்தோலிக்கக் கோயில் ஒன்று பாடக் கற்றுக்கொண்டது. அவரோ கத்தோலிக்கர் அல்லர்.

பிறந்தது இரும்புலியூர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். குடும்பம் சிஎஸ்ஐ என்கிற சீர்திருத்தச் சபை. அங்கே பாட்டு என்பது மேடையில் யாரோ பாட மற்றவர்கள் கேட்கிற சமாசாரமன்று. மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவன்கூட வாய் திறந்தாக வேண்டும். தமிழ் ராகத்துக் கீர்த்தனைகளும் உண்டு, வெள்ளைக்கார மெட்டில் தமிழ் வார்த்தை போட்ட ஞானப்பாட்டுகளும் உண்டு. ஞானப்பாட்டென்றால் நான்கு குரல். மெட்டைப் பெண்கள் பாட, அதற்குக் கீழே இன்னொரு சுரத்தில் ஒட்டியபடி வரும் பெண்குரல் ஆல்டோ; அதற்கும் கீழே ஆண்களின் டெனர்; அடியில் அஸ்திவாரம் மாதிரி பேஸ். ஜெயக்கொடி சிறுமியாக இருந்தபோதே ஆல்டோவில் போய் நின்றுகொண்டார். மெட்டு பாடுகிறவர்களுக்குத்தான் பேர் கிடைக்கும் என்று தோழிகள் சொன்னார்கள். “மெட்டு யாரு வேணாலும் பாடலாம். மெட்ட வுழாம புடிச்சிகிறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?” என்பது அன்றைக்கும் இன்றைக்கும் அவர் பதில்.

சூசைநாதனைக் காதலித்ததுதான் கதையைத் திருப்பியது. அவர் மாடம்பாக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், ஏசி மெக்கானிக், மனைவி பேசினால் சிரிப்பதைத் தவிர வேறு பதில் தெரியாதவர். இரண்டு வீட்டிலும் அடிதடி ஒன்றுதான் நடக்கவில்லை. கடைசியில் கல்யாணம் மாப்பிள்ளை கோயிலில் என்று முடிவாயிற்று. ஜெயக்கொடி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “உங்க கோயிலுக்கு வர்றேன். புள்ளைங்களுக்கு உங்க கோயில்லயே ஞானஸ்நானம் குடுங்க. நான் மட்டும் மாற மாட்டேன்.” மாறவும் இல்லை. ஞாயிறு காலை கணவரோடு பூசைக்குப் போவார். முடிந்ததும் பஸ் பிடித்து இரும்புலியூர் போய்ச் சபை ஆராதனையில் உட்காருவார்.

கணவர் கோயிலில் அவருக்கு வாய்த்த இடம் கடைசி பெஞ்சு. முன்னால் ஜெனி என்ற பெண் கீபோர்டு வாசிப்பார்; ஐந்தாறு பேர் மைக்கைச் சுற்றி நின்று சினிமா மெட்டு மாதிரி ஏதோ பாடுவார்கள்; சனம் கையைக் கட்டிக்கொண்டு கேட்கும். ஜெயக்கொடிக்கு அது தாங்காது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் அடுப்பைத் தொடக்கூடாது என்பது போல ஒரு கூச்சம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் அந்தப் பெஞ்சில் உதட்டை மூடியபடியே உட்கார்ந்திருந்தார்.

வர்தா புயல் அடித்த டிசம்பர் அது. தாம்பரம் பக்கம் மரம் விழாத தெரு இல்லை. கரண்ட் வருகிற வழியைக் காணோம். அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்தவர்கள் வேளச்சேரி ரோட்டில் விழுந்துகிடந்த தூங்குமூஞ்சி மரங்களைத் தாண்டித்தான் வந்தார்கள். கோயில் கூரையில் ஷீட் இரண்டு பறந்திருந்தது, பெஞ்செல்லாம் ஈரம். மைக் செத்துப்போயிருந்தது, கீபோர்டும் செத்துப்போயிருந்தது. வயதான பங்குத்தந்தை மெழுகுவத்தியோடு வாசலில் வந்து நின்று, வருகைப் பாடலுக்காகக் காத்திருந்தார். பாடகர் குழுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீபோர்டு இல்லாமல் எங்கே ஆரம்பிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு குழந்தை மட்டும் அழுதது.

சூசைநாதன் முழங்கையால் மனைவியின் விலாவில் ஒரு குத்துக் குத்தினார்.

ஜெயக்கொடி எழுந்து எடுத்தது, கடலில் மூழ்குகிறவனின் கையைப் பிடித்தவரைப் பற்றிய பழைய கீர்த்தனை. சிஎஸ்ஐ பாட்டுதான். ஆனால் சாவு வீடுகளில் சபை வித்தியாசம் பார்த்து யார் பாடுகிறார்கள்? எல்லார் காதிலும் ஏறிய பாட்டு. பல்லவியின் முதல் அடியை ஜெயக்கொடி தனியாகப் பாடினார். இரண்டாம் அடியில் முன்வரிசைப் பெண்கள் நாலு பேர் சேர்ந்தார்கள். பல்லவி திரும்பியபோது ஷீட் பறந்த ஓட்டை வழியாகப் பாட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் அவர் செய்ததுதான் அவர் யார் என்று காட்டுவது. சனம் மெட்டைப் பிடித்துக்கொண்டது என்று தெரிந்ததும், அவர் மெட்டை விட்டுக் கீழே இறங்கி ஆல்டோவுக்குப் போய்விட்டார்.

பூசை முடிந்து பங்குத்தந்தை தேடி வந்தார். “அம்மா, நீங்க யாரு?”

“சூசைநாதன் வூட்டுக்காரம்மா, ஃபாதர். சிஎஸ்ஐ.”

“இத்தன நாளா எங்க இருந்தீங்க?”

“கடைசி பெஞ்சுல ஃபாதர்.”

அடுத்த வாரமே பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. ஆனால் ஜெயக்கொடி குழுவோடு நிற்கவில்லை. பக்கவாட்டில், தூண் அருகே, சனத்தைப் பார்த்தபடி நின்றார். பாட்டு தொடங்கும், யாராவது ஒருவர் வாயை மூடியிருப்பார், ஜெயக்கொடியின் கண்ணாடி அந்த ஆளின் மேல் போய் நிற்கும். அந்த ஆள் நெளிவார், தலையைக் குனிவார், கடைசியில் தப்பிக்க வழியின்றி உதட்டை அசைப்பார். அசைத்தவுடன் கண்ணாடி அடுத்த ஆளுக்கு நகரும். அதற்கும் மசியாதவர்களை வெளியே வாசலில் பிடிப்பார். “இன்னா சார், வாய மூடிகினே நிக்கிறீங்க? கொசு பூந்துடும்னு பயமா?” ஒரு வருடத்தில் முன்பாதிக் கோயில் பாடியது. மூன்று வருடத்தில் மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு வாசலில் பூசை பார்க்கிற வாலிபர்கள்வரை பாட்டு போயிற்று. பாதிக்குப் பாதி ஜெயக்கொடியின் சபையிலிருந்து வந்த பாட்டுகள்.

வார்த்தைக்காகச் சின்னச் சின்னச் சண்டைகள் வந்தன. அவர் பாட்டில் ‘கிருபை’ என்றிருக்கும். இவர்கள் வாய் ‘அருள்’ என்று போகும். ‘பரிசுத்த ஆவி’ என்று அவர் நீட்டினால் இவர்கள் ‘தூய ஆவி’ என்று முன்னாலேயே முடித்துவிட்டு நிற்பார்கள். ஜெனி இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று கெஞ்சினார். “வார்த்தைய மாத்திக்கோங்க, தாளத்த மாத்தாதீங்க” என்று ஜெயக்கொடி தீர்ப்பளித்தார்.

ஒன்றில் மட்டும் அவர் இறங்கிவரவில்லை. செப்டம்பர் மாதம் மாதா திருவிழா. காவி கட்டிய கூட்டம் சாலையில் பெசன்ட் நகர் மாதா கோயிலை நோக்கி நடந்துகொண்டிருக்கும். கோயிலில் பத்து நாளும் மாதா பாட்டுதான். மாதாவை நோக்கிப் பாடும் வழக்கம் ஜெயக்கொடியின் சபையில் கிடையாது. வராமல் வீட்டில் இருந்துவிடலாம். அவர் வந்தார். தூண் அருகே நின்றார். பாட்டு முழுவதும் உதடு பிரியாமல் ‘ம்’ என்று ஆல்டோவை மட்டும் கொடுத்தார். “வார்த்த உங்களுது, நீங்க பாடுங்க. நான் கூடவே வர்றேன், அவ்ளோதான்” என்று ஜெனியிடம் சொன்னார். ஜெனிக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு அந்த ‘ம்’ இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாக இருப்பது தெரிந்தது.

சொந்தச் சபையிலும் அவருக்கு மாலை மரியாதை எதுவும் இல்லை. அங்கே செயலாளராக இருக்கும் தம்பி சாலமன், ஆராதனை முடிந்து எல்லார் எதிரிலும் கேட்டான். “அங்க போயி சொரூபத்துக்கு முன்னாடி நின்னு நம்ம பாட்டப் பாடிகினு கீறியாமே. வெக்கமா இல்ல?”

“நான் சொரூபத்தப் பாத்து பாடலடா. சனத்தப் பாத்து பாடறேன். வந்து பாரு, உன் சபைல தூங்கறானுங்களே, அவனுங்கள வுட நல்லாப் பாடறானுங்க” என்றார் அக்கா. சாலமன் ஆறு மாதம் பேசவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பழைய பங்குத்தந்தை மாற்றலாகி, இளம் வயதில் ஒருவர் வந்தார். தென்மாவட்டத்துக்காரர், சுத்தமான மனிதர், வழிபாட்டு முறைகளைப் பற்றி மேல்படிப்புப் படித்தவர். வந்த இரண்டாம் மாதம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் பாட்டு விஷயம் வந்தது. கிளப்பியவர் மிக்கேல். விமானப்படைத் தளத்தில் சிவிலியன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆறடி உயரம், மனைவியை இழந்தவர், பூசைக்கு ஒரு நாள் தவறாதவர்; ஆனால் ஜெயக்கொடியின் கண்ணாடி எத்தனை வாரம் மேலே நின்றாலும் வாய் திறக்காத ஒரே ஆள்.

“ஃபாதர், நான் அந்தம்மாவ தப்பு சொல்லல” என்றார் மிக்கேல். “நல்லாத்தான் பாடறாங்க. ஆனா கோயிலு நம்மளுது, பாட்டு மட்டும் அவுங்களுதா? எங்கம்மா பாடின பாட்டு ஒண்ணுகூட இந்தக் கோயில்ல இல்ல. யாராவது கேட்டீங்களா?”

பங்குத்தந்தை பொறுமையாக விளக்கினார். பூசையில் பாடுகிற பாட்டுக்கு என்று முறை இருக்கிறது. நம்முடைய பாட்டுகளே ஏராளம் இருக்கின்றன. இனிமேல் பூசைக்குள் அவைமட்டும் இருக்கட்டும். “அக்கா நீங்க குழுவுலயே இருக்கணும். பாட்டு மட்டுந்தான் மாறுது” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஜெயக்கொடி “சரி ஃபாதர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

எப்போதும் சிரிக்கிற சூசைநாதனுக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. “வா போலாம். உன் சபைக்கே போயி பாடு. நானும் அங்கயே வர்றேன்” என்று வண்டியை உதைத்தார். அந்த வாரம் கடையில் கிரைண்டர் ஓடியது, பாட்டு ஓடவில்லை. கீதா தூக்குவாளியை நீட்டிவிட்டு, வழக்கம் போலச் சரணத்துக்காகக் காத்திருந்தார். உடனே மாவு விழுந்ததும் பதறிப்போனார். “இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?”

உடம்புக்கு ஒன்றுமில்லை. பாட்டு போனதைவிட மிக்கேல் சொன்ன ஒரு வாக்கியம்தான் ஜெயக்கொடியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. ‘எங்கம்மா பாடின பாட்டு ஒண்ணுகூட இல்ல. யாராவது கேட்டீங்களா?’ கேட்கவில்லைதான். இத்தனை வருடம் அந்த வீட்டில் நின்று அத்தனை பேருக்கும் தன் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர், நீங்கள் என்ன பாடிக்கொண்டிருந்தீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் மிக்கேலின் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பாக்கெட் மாவு.

கதவைத் திறந்த மிக்கேல் சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தார். “இன்னாம்மா?”

“உங்கம்மா பாடின பாட்டு ஒண்ணுகூட கோயில்ல இல்லன்னு சொன்னீங்களே சார். அதுல ஒண்ணு பாடுங்க. கேக்கலாம்னு வந்தேன்.”

“நானா? எனக்குப் பாட வராதும்மா.”

“வராதுன்னு யாரு சொன்னா?”

“பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. நீ பாடினா மத்தவன் பாட்டு கெடுது, சும்மா நில்லுன்னு. அதோட வுட்டேன்.”

எத்தனை வாரம் தன் கண்ணாடியை அந்த மனிதர் மேல் நிறுத்தினோம் என்று ஜெயக்கொடிக்கு அப்போது உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “இங்க கெடறதுக்கு மத்தவன் பாட்டு ஒண்ணும் இல்ல. பாடுங்க சார்.”

மிக்கேல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பாடினார்.

*விடியுமுன்னே வந்தேன் ஐயா,*
*வெறுங்கையாய் வந்தேன் ஐயா.*

விடிகாலைப் பூசைக்கு நடந்து போகும்போது அவருடைய அம்மா பாடுவாராம். குரல் பாதாளத்திலிருந்து வந்தது. சுதி அங்குமிங்கும் தள்ளாடியது. ஆனால் மேசைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. ஜெயக்கொடி இடது காதை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அதட்டினார்.

“சார், இவ்ளோ பெரிய பேஸ உள்ள வச்சிகினு சும்மா நின்னுகினு இருந்தீங்களே, உங்கள இன்னா பண்றது? ஒரு பேஸ் கெடைக்காதான்னு நான் தேடாத எடமில்ல. அடுத்த அடி இன்னா?”

அடுத்த அடி அவருக்கு நினைவில்லை. கோவிலம்பாக்கத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார். எழுபத்தெட்டு வயது அக்கா ஸ்பீக்கரில் பாடிக்காட்டினார். ‘கொண்டுவந்தது கண்ணீர் ஐயா’ என்றார். “இல்லக்கா, ‘கொடுக்க ஒண்ணும் இல்லை ஐயா’தான்” என்று, அதைக் கேட்டதும் நினைவு வந்த மிக்கேல் குறுக்கே விழுந்தார். “நீ அம்மா இடுப்புல தூங்கிகினு வந்தவன்டா, உனக்கு இன்னா தெரியும்?” என்று போன் கத்தியது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், முதல் சரணத்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று என்று ஜெயக்கொடி சமாதானம் செய்துவைத்தார். அன்றைக்குப் பெரிய கிரைண்டர் மறுபடி பாட்டோடு ஓடியது. ‘விடியுமுன்னே’வுக்கு ஆல்டோ தேடிக்கொண்டிருந்தார்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு காணிக்கைப் பாடலாக அது வந்தது. மெட்டை ஜெனியும் பெண்களும் எடுத்தார்கள், கீழே ஜெயக்கொடி, அவருக்கும் கீழே, குழுவின் கடைசி ஆளாக, கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டையில் மிக்கேல். வயதானவர்கள் சிலர் இரண்டாம் அடியிலேயே நிமிர்ந்து பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு மூதாட்டி யாரும் சொல்லித்தராமலே சேர்ந்து பாடினார். அவருக்கு மூன்றாவதாக வேறொரு அடி தெரிந்திருந்தது. பீடத்தில் நின்ற பங்குத்தந்தை அப்பத் தட்டைக் கையில் வைத்தபடி பாட்டு முடியும்வரை நின்றார்.

“இந்தப் பாட்டு எங்க இருந்தது?” என்று பிறகு கேட்டார்.

“எங்கம்மா வாயில இருந்துச்சு ஃபாதர். நான்தான் மறந்துட்டிருந்தேன். இந்தம்மா வந்து எடுத்தாங்க” என்றார் மிக்கேல்.

பங்குத்தந்தை இளைஞர்தான், ஆனால் கேட்கத் தெரிந்தவர். பூசை மணி அடிப்பதற்கு முன்னால் இருக்கிற நேரத்துக்குத் தன் முறை எதுவும் குறுக்கே வராது என்றும், அந்த நேரத்தில் அக்காவின் கீர்த்தனைகளைத் தாராளமாகப் பாடலாம் என்றும் சொன்னார். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. நற்செய்தி வாசகம் முடிந்தபின் வந்து சேருவதே வழக்கமாக இருந்த சனம், பாட்டுக்காக முன்கூட்டியே வர ஆரம்பித்தது. வண்டி நிறுத்த இடமில்லாமல் வாசலில் சச்சரவு வந்தது. எத்தனையோ ஞாயிறு நேரம் தவறாமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தும் நடக்காதது அது என்று பங்குத்தந்தையே சிரித்தார்.

மிக்கேலின் ஆசை அதோடு நிற்கவில்லை. ஜெயக்கொடி அவருக்குக் குரல் பழக்குவதற்காக வெள்ளைக்கார மெட்டு ஞானப்பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார். மெட்டு மேலே போகப் போக பேஸ் படியிறங்கிப் போகும் பாட்டு. ஒருமுறை பாடிய பிறகு மிக்கேலுக்குச் சோறு இறங்கவில்லை. பங்குத் திருவிழாவுக்கான பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“ஃபாதர், நன்மைப் பாட்டுக்கு அந்தப் பாட்ட வைக்கணும்.”

“அது அவங்க பாட்டாச்சே மிக்கேல் சார். நீங்கதானே அன்னைக்கு...”

“நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் கேக்கறேன். மத்த பாட்டுல எனக்கு வேலையே இல்ல ஃபாதர்.”

கூட்டம் சிரித்தது. பங்குத்தந்தை பாட்டின் வரிகளை வாங்கி இரண்டு முறை படித்தார். “இதுல நாம நம்பாதது ஒண்ணும் இல்லயே” என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். சரியென்று தலையசைத்தார்.

நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நேரம் என்பது அந்தக் கோயிலில் ஜெயக்கொடிக்கு மட்டும் வேறு மாதிரியான நேரம். கத்தோலிக்கராக இல்லாதவருக்கு நற்கருணை கிடையாது. சனமெல்லாம் வரிசையில் பீடத்துக்குப் போவார்கள். கடைசியில் பாடகர் குழுவும் போகும். குழு போய்த் திரும்பும்வரை பாட்டு அறுந்துவிடாமல் ஒரே ஒரு தொண்டை பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாரும் வாங்கப் போகிற விருந்துக்கு, வாங்காத ஒருவர் பாடிக்கொண்டு நிற்பார். இதைப் புதிய பங்குத்தந்தையும் கவனித்துவிட்டு ஒருநாள் மெல்லக் கேட்டார். “அக்கா, ஒரு சின்னச் சடங்குதான். முறைப்படி சேந்துட்டீங்கன்னா நீங்களும் வாங்கலாமே.”

“ஃபாதர், என்னை வளத்த வூட்ட இல்லன்னு சொல்லிட்டுத்தான் இந்த வூட்டுல உக்காரணும்னா வேணாம். நான் பசியோடயே பாடிக்கிறேன்” என்றார் ஜெயக்கொடி. குரலில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பங்குத்தந்தை அதன்பிறகு கேட்கவில்லை.

திருவிழா அன்று கோயில் நிரம்பி வாசலுக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, சாலமன் நின்றிருந்தான். நன்மைப் பாட்டு தொடங்கியது. நான்கு குரலும் விரிந்தன. முதல் சரணத்தில் சனம் வரிசையில் நகர்ந்தது. இரண்டாம் சரணத்தில் குழு இறங்கிப் போயிற்று. ஜெனி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போனார். மிக்கேலும் போனார். வழக்கம் போல ஜெயக்கொடி ஆல்டோவை விட்டு மெட்டுக்கு ஏறினார், பாட்டைத் தனியாகத் தாங்குவதற்காக.

தாங்க வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் மெட்டை விடவில்லை. நடந்துகொண்டே பாடினார்கள். வாங்கித் திரும்பியவர்கள் தங்கள் பெஞ்சுக்குப் போகிற வழியிலேயே சேர்ந்துகொண்டார்கள். பக்கவாட்டில் சில பெண்கள் ஆல்டோவில் போய்க்கொண்டிருந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்றே தெரியவில்லை, தூணோரம் நின்று நின்று காதில் ஏறியதாக இருக்க வேண்டும். பந்தல் பக்கத்திலிருந்து பழகிய ஆண்குரல் ஒன்று டெனரில் வந்தது, இரும்புலியூர்க் குரல். கைகூப்பியபடி திரும்பி வந்த மிக்கேல் தன் இடத்துக்கு வந்து நின்று, ஒரு மூச்சு எடுத்து, பேஸில் இறங்கினார்.

ஜெயக்கொடி பாடுவதை நிறுத்தினார். இடது கை காதிலிருந்து இறங்கியது. தூண் அருகே யாருடைய நாற்காலியோ காலியாக இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி, உதட்டை மூடி, கோயில் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் சரணத்தில், படியிறங்குகிற இடத்தில், மிக்கேலின் சுதி ஒரு மயிரிழை கீழே போயிற்று. ஜெயக்கொடி கண்ணைத் திறக்கவில்லை. மடியில் கிடந்த வலது கையின் சுட்டுவிரல் மட்டும் மெல்ல மேல்நோக்கி உயர்ந்தது.